உங்கள் இடத்தில் நிற்பவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிந்துஜாவிடமிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த ஓசூர் கம்பெனியில் இப்போது பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அவர். நான் ஓய்வு பெற்ற அன்று என் சாவிக்கொத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவரும் அவர்தான். ஓய்வு பெற்றவனுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தால் ஒன்று யாருக்கோ கல்யாணம், இல்லாவிட்டால் ஏதோ பழைய மெஷின் முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தம். இந்த முறை இரண்டும் இல்லை.

"சார், நம்ம வேலை பர்மிட் ஃபார்ம்ல ஆறாவது கட்டம் ஒண்ணு இருக்குல்ல, 'உங்கள் இடத்தில் நிற்பவர்'னு. அது எங்கருந்து சார் வந்துது? ஃபார்ம் எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்தறோம். இப்பல்லாம் பாஸ்வேர்டு போட்டாத்தான் மெஷினோட பாதுகாப்பையே பைபாஸ் பண்ண முடியுது. அந்தக் கட்டத்த எடுத்துடலாம்னு சொல்றாங்க. ஆடிட்டுக்கு வந்தவங்ககூட இப்படி ஒண்ண வேற எந்தக் கம்பெனிலயும் பாத்ததில்லன்னாங்க."

"எப்பிடிப் பாப்பாங்க? அது ஃபுட்பால் கிரவுண்டுலருந்து வந்த கட்டம்மா" என்றேன்.

பெரியவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார். பிறகு, "அப்ப அத நம்ம கம்பெனிப் பத்திரிகைக்கு எழுதிக் குடுங்க சார், படிச்சிட்டு முடிவு பண்றோம்" என்றார். அதனால் எழுதுகிறேன். எனக்கு அரம் பிடித்துப் பழக்கமே தவிரப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் முனிராஜ், ஊர் தளிக்குப் பக்கம். வீட்டில் தெலுங்கு, தோட்டத்து ஆட்களோடு கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவன். அப்பா கோஸ் போட்டார், அண்ணன் ரோஜா போட்டான், நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கப் போனேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்பைச் சதுரமாக அராவச் சொன்னார்கள், அராவினேன். அப்புறம் ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்புறம் பிரஸ் ஷாப்பில் பராமரிப்பு ஃபிட்டராக வேலை. கார்களுக்கு வேண்டிய தகடுகளை அடித்து வளைக்கிற இடம் அது. காதில் பஞ்சு வைக்காமல் ஒரு மணி நேரம் நின்றால், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பேசுவது எதுவும் காதில் விழாது. சிலர் அதற்காகவே பஞ்சு வைக்காமல் இருந்தார்கள்.

கம்பெனி ஃபுட்பால் டீமில் நான் ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். எனக்கு ஆட்டம் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் காலில் பலம் உண்டு. பந்து வந்தால் வானத்துக்கு உதைப்பேன். அது ஜூஜுவாடி செக்போஸ்ட் தாண்டிக் கர்நாடகாவில் போய் விழும் என்று கேலி பேசுவார்கள். கேலி என்று தெரிந்தும் எனக்கு அதில் பெருமைதான்.

எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது சுவீடனிலிருந்து புது பிரஸ் வரிசை ஒன்று வந்தது. அதோடு அதை நிறுவிப் பழக்கிவிட ஒரு மனிதரும் வந்தார். பெயர் யோரான். மூன்று வருடம் எங்கள் ஷாப்புக்கு அவர்தான் மேலாளர். ஆறடிக்கு மேல் உயரம், நாற்பத்தேழு நாற்பத்தெட்டு வயது, வலது முழங்காலை மடக்காமல் நடப்பார். கம்பெனி கார் கொடுத்தும் அவர் சைக்கிளில்தான் வருவார். சைக்கிளில் வருகிற மேனேஜருக்கு சல்யூட் அடிக்கலாமா கூடாதா என்று கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஷாப்பில் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பிரஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வருவார். நாங்களெல்லாம் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். அவர் விளக்கைப் பார்க்கவே மாட்டார். பானலில் சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார். "விளக்கு யாரோ ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்" என்று ஒருமுறை சொன்னார். அவருடைய ஆங்கிலமும் சொந்த ஆங்கிலம் இல்லை, என்னுடையதும் இல்லை. அதனால் எங்களுக்குள் நன்றாகவே புரிந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் விளையாடுவதைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒரு பந்தைக் கர்நாடகாவுக்கு அனுப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. திங்கட்கிழமை என்னிடம் வந்து, "பந்து போன பிறகு நீ எங்கே போனாய்?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. பந்து எங்கே போனது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் அவர் தன் நாட்டில் பன்னிரண்டு வருடம் தொழில்முறைப் பந்தாட்டக்காரராக இருந்தவர் என்பது தெரிந்தது. அவரும் தடுப்பாளர்தான். சிறிய ஊர் கிளப். முதல் ஏழு வருடம் காலையில் லேத் பட்டறையில் வேலை, மதியத்துக்கு மேல் மைதானம். கடைசி ஐந்து வருடம் ஆடுவது மட்டுமே வேலை. பனிக்காலம் முடிந்து சீசன் தொடங்குவதற்கு முன் மைதானத்தில் உறைந்து கிடக்கும் பனியை ஆட்டக்காரர்களே மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டுமாம். பன்னிரண்டு வருடத்தில் மொத்தம் நான்கு கோல் போட்டிருக்கிறார். அதில் இரண்டு சொந்த வலையில். இதைச் சொல்லும்போது கொஞ்சமும் கூச்சப்படமாட்டார்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய செய்தித்தாள் படம் ஒன்று இருந்தது. நடுவில் ஒருவன் கோல் போட்ட சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருப்பான். படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு தோள் தெரியும். யாராவது படத்தைப் பார்த்தால் யோரான் அந்தத் தோளைத் தொட்டுக் காட்டி, "இது நான்" என்பார். தன் தோளை இவ்வளவு பெருமையாகக் காட்டுகிற இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று வந்த முதல் நாள் அவர் பந்தையே எடுத்து வரவில்லை. கயிறு கொண்டு வந்தார். தடுக்கிற நான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர் இடைவெளி விட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டினார். ஒருவன் வலப்பக்கம் நகர்ந்தால் மூன்று பேரும் நகர வேண்டும். ஒருவன் முன்னால் ஓடினால் மற்றவன் அவன் விட்ட இடத்துக்கு வர வேண்டும். கேன்டீன் பக்கம் நின்றிருந்தவர்கள், "குந்தாரப்பள்ளி சந்தைக்கு நாலு மாடு ஓட்டிட்டுப் போறாங்கப்பா, என்னா வெல?" என்று கூவினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கயிற்றை அவிழ்த்து எறியப் போனேன். அவிழ்த்தால் என் பக்கத்தில் இருந்தவன் விழுவான் என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஷாப்பில் வாய் திறக்காத மனிதர் மைதானத்தில் வாயை மூடவே மாட்டார். "நான் போகிறேன், நீ என் இடம்." "என் இடம், சரி." இப்படிக் கேள்வியும் பதிலுமாக நாங்கள் பேசிக்கொண்டே ஆட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, பதில் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் நகரக் கூடாது. அதே விதியை ஷாப்புக்கும் கொண்டுவந்தார். மெஷினிலிருந்து ஒரு பாதுகாப்புத் தடுப்பை யார் கழற்றுகிறானோ, அதைத் திரும்ப மாட்டும்வரை அவனே அந்தத் தடுப்பாக நிற்க வேண்டும். போயே ஆக வேண்டுமென்றால் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது இதற்குக் கட்டமும் கிடையாது, காகிதமும் கிடையாது. வாய்வார்த்தைதான்.

எங்கள் கோல்கீப்பர் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். என்னைவிட நான்கு வயது இளையவன், என்னை அண்ணாச்சி என்பான். வேலையில் மூன்றாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர். காலால் பெடலை மிதித்தால் நூற்றறுபது டன் அழுத்தத்தோடு மேலிருந்து அச்சு இறங்கும். கையால் தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, மிதித்து, மறுபடி கையை விட்டு அடித்த துண்டை எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் கை உள்ளே போய் வரும். அந்தக் கைக்குக் காவல் லைட் கர்ட்டன். பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் இரண்டு தூண். ஒரு தூணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி மற்ற தூணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கை குறுக்கே இருந்தால் ஒளி அறுபடும், அச்சு அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷாப்பில் பூஜை என்றால் நான்தான் முன்னால் நிற்பேன். வாழைக்கன்று கட்டுவது, பூசணிக்காய் உடைப்பது, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அந்த வருடம் கொஞ்சம் அழகாகச் செய்யலாம் என்று தோன்றியது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் இரண்டு தூண்களையும் பார்த்தேன். கோயில் தூண் மாதிரியே நின்றன. மேலிருந்து கீழாக வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் வைத்தேன். ஒளி வருகிற கண்ணாடி மேலேயே வைத்தேன். ஃபிட்டர் என்று பெயர், அதைக் கழற்றி மாட்டிய அனுபவம் வேறு. கும்பிடும்போது அதெல்லாம் நினைவில் இல்லை. யோரானும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று நெற்றியில் சந்தனம் வாங்கிக்கொண்டார்.

விடுமுறை முடிந்து மறுபடி ஷிப்டு தொடங்கிய காலையில் பிரஸ் ஓடவில்லை. சிவப்பு விளக்கு. சந்தனம் காய்ந்து கல்லாகி, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் இறங்கியிருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், மஞ்சள் மஞ்சளாகப் பரவியதே தவிரப் போகவில்லை. கோளாறு கர்ட்டனில் மட்டும்தானா என்று பார்க்க, கர்ட்டன் இல்லாமலே பிரஸ்ஸை ஓடவிடுகிற பைபாஸ் சாவியைத் திருப்பி, பிரஸ்ஸுக்கு முன்னால் நான் நின்றுகொண்டு ஒரு அடி அடித்துப் பார்த்தேன். அடித்தது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். துடைக்க ஸ்பிரிட் வேண்டும் என்று ஸ்டோருக்குக் கிளம்பினேன். சாவியைத் திருப்பி எடுக்கவில்லை. பக்கத்து மெஷினில் இருந்த வெங்கடேசப்பாவைப் பார்த்து, "வெங்கடேசப்பா, இத சித்த பாத்துக்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பதிலுக்காக நிற்கவில்லை.

ஸ்டோரில் பூஜையில் மிச்சமான பொரி கடலையைப் பேப்பரில் கொட்டி வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் நின்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கை பொரி எடுத்தேன். அப்புறம் இன்னொரு கை. கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இசக்கிமுத்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. அண்ணாச்சி சரிசெய்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டான்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோரான் தன் காலைச் சுற்றில் வந்திருக்கிறார். தூரத்திலிருந்தே பைபாஸ் பக்கம் திரும்பியிருந்த சாவியைப் பார்த்துவிட்டார். நானாக இருந்தால், "டேய் நிறுத்துடா" என்று கத்தியிருப்பேன். கத்தினால் பிரஸ்ஸில் இருப்பவன் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் கால் எங்கே மிதிக்கும், கை எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் கத்தவில்லை, ஓடவும் இல்லை. சுற்றி வந்து இசக்கிமுத்துவின் கண்ணுக்கு நேராக நின்று, சிரித்துக்கொண்டே, பண்டிகை வாழ்த்துச் சொல்கிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டியிருக்கிறார். மேனேஜர் கை நீட்டுகிறார் என்று இவன் பெடலிலிருந்து காலை எடுத்து, எழுந்து, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டியிருக்கிறான். இரண்டு கைகளும் தன் கைக்குள் வந்த பிறகு முழங்கையால் சிவப்பு பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினாராம். நிறுத்திய பிறகும் கையை விடவில்லையாம். இசக்கிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டதாம்.

நான் ஸ்பிரிட் பாட்டிலும் வாயில் பொரியுமாக வந்தேன். பிரஸ்ஸின் வாய்க்கு நேராக, தூண்கள் இரண்டுக்கும் நடுவில், யோரான் கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார். மைதானத்தில் நிற்கிற மாதிரியே நின்றார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"இங்கே யார் நின்றது?"

"வெங்கடேசப்பா" என்றேன்.

வெங்கடேசப்பா நாங்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டு காதிலிருந்து பஞ்சை எடுத்தான். "ஏன்ணா, கூப்ட்டியா?" என்றான்.

ஸ்பிரிட் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போய், லாக் புத்தகத்தைத் திறந்து வைத்து, நடந்ததை என் கையால் எழுதச் சொன்னார். தமிழிலேயே எழுது, எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டு என்றார். எழுதினேன். வெங்கடேசப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன், அவன் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். கேட்டுவிட்டு, "இன்னொரு முறை" என்றார். இரண்டாவது தடவை சந்தனத்தின் மேல் பழியைப் போட்டேன். "இன்னொரு முறை." மூன்றாவது தடவை ஸ்டோரில் தாமதமாகிவிட்டது என்று எழுதினேன். "இன்னொரு முறை" என்றார், அதே குரலில். நான்காவது தடவை எழுத ஒன்றுமே மிச்சமில்லை. பைபாஸ் சாவியைத் திருப்பிவிட்டு, பதில் வாங்காமல் என் இடத்தை விட்டுப் போனேன், பொரி தின்றேன், கால் மணி நேரம் அங்கே யாரும் நிற்கவில்லை என்று எழுதினேன். தலையசைத்தார்.

"இப்போது போய் இதை இசக்கிமுத்துவுக்குப் படித்துக் காட்டு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவனுக்கு எதுவும் தெரியவும் தெரியாது, எதற்கு அவனைப் பயமுறுத்த வேண்டும் என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

அவருடைய கடைசி சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். ஆட்டம் முடியப் போகிற நேரம். முன்னால் ஒருவன் பந்தோடு வருவதைப் பார்த்து இவர் தன் இடத்தை விட்டுப் போனார். போகும்போது பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துக் கையைக் காட்டினார். பதில் வாங்கவில்லை. அவன் பார்க்கவே இல்லை. இவர் விட்டுப் போன இடத்தின் வழியாகத்தான் பந்து உள்ளே போனது. கோல்கீப்பர் தனியாக மாட்டிக்கொண்டான், வெளியே வருவதா நிற்பதா என்று தடுமாறி, தாமதமாக வெளியே வந்தான், பந்து அவன் கைக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கோல்கீப்பர் படம். கடைத்தெருவில் அவனைத் தலைகாட்ட விடவில்லை. அடுத்த வருடம் அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான். தன் தப்பு என்று இவர் எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. யாரும் இவரைக் கேட்கவில்லை.

"அப்பறம் அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"இத்தன வருஷத்துல?"

"இல்லை."

"நீங்க சொல்லாதத என்ன மட்டும் எதுக்குச் சொல்லச் சொல்றீங்க?"

மேலாளரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் காதுவரை சிவந்தது. "அதனால்தான்" என்று மட்டும் சொன்னார்.

லாக் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இசக்கிமுத்து கேன்டீன் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். படித்துக் காட்டினேன். நான்கே வரி. அவன் குழாயை மூடினான்.

"சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான்."

"பைபாஸ் போட்டது?"

"நான்தான்."

"பொரி தின்னது?"

"நான்தாம்பா."

"எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ள இருக்கு அண்ணாச்சி" என்றான். அதோடு போய்விட்டான்.

மறுநாள் காலை யோரான் எல்லோர் முன்னாலும் அந்த பைபாஸ் சாவியை என் கையில் கொடுத்தார். இனி ஷாப்பின் எல்லா பைபாஸ் சாவியும் முனிராஜிடம்தான் இருக்கும் என்றார். வேலையை விட்டு அனுப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பாரமாக இருந்திருக்காது. அந்த வாரமே பர்மிட் ஃபார்மில் ஆறாவது கட்டம் வந்தது. 'உங்கள் இடத்தில் நிற்பவர்.' அதில் பெயரை எழுதினால் போதாது, நிற்கப் போகிறவன் தன் கையால் 'சரி' என்று எழுத வேண்டும். அந்தத் தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

இசக்கிமுத்து என்னோடு பேசவில்லை. வேலையில் மட்டுமல்ல, மைதானத்திலும்தான். தடுப்பாளனுக்குப் பின்னால் கண் கிடையாது, கோல்கீப்பர் குரல்தான் கண். அவன் மற்ற மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கத்துவான், என் பெயரை மட்டும் சொல்லமாட்டான். எனக்குப் பின்னால் ஊமைச் சுவர் ஒன்று நிற்கிற மாதிரி மூன்று மாதம் ஆடினேன். டீமை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று யோரானிடம் சொன்னேன். "யார் நிற்பார்கள்?" என்றார். விலகவில்லை.

தை மாதம் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி. எங்களுக்கு எதிராகக் கார்னர் கிக். பந்து உயரமாக வளைந்து வருகிறது. நான் பாய்ந்து தலையால் தட்டலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, நில்லுங்க. எம் பந்து."

நின்றேன். என் தலைக்கு மேலே இரண்டு கைகள் போயின. பத்து விரலும் பந்தில் ஒட்டிக்கொண்டது தெரிந்தது. இறங்கி வந்தவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் காதருகே, "பொரி திங்கப் போயிராதீய" என்றான்.

நான் ஆட்டத்துக்கு நடுவில் அழுதேன். வியர்வை என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆட்டத்தில் கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம், அது வேறு விஷயம். கோட்டுக்கு வெளியே யோரான் நிற்பதைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன நடந்தது என்று தெரிந்திருக்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் சாலையைப் பார்த்தபடி நின்றார்.

மூன்று வருடம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒருமுறை போன் செய்வார். முதலில் மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்பார், அப்புறம் இசக்கிமுத்துவின் பெண்களைப் பற்றிக் கேட்பார். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை அந்த ஷாப்பில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. பெரிய பெரிய மேனேஜர்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் எத்தனையோ புதுசு கொண்டுவந்தார்கள். ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். பத்திரிகைப் படத்தில் தோள் மட்டும் தெரிகிற ஆளுக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?

சிந்துஜா எழுதச் சொன்னதும் முதலில் யோரானுக்குத்தான் போன் செய்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனால் ஒரு வாரம் பொறு. அந்தக் கோல்கீப்பர் உயிரோடு இருக்கிறான். உன் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அவன் அதை என் வாயால் கேட்க வேண்டும்."

ஓசூர்க் கம்பெனிப் பத்திரிகையை, அதுவும் தமிழில், சுவீடனில் யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் போகாமல் இருந்துவிடுவாரோ என்று பயம்.

எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார். ரயிலில் நான்கு மணி நேரம் போயிருக்கிறார். அந்தக் கோல்கீப்பர் ஒரு ஏரிக்கரையில் மனைவியோடு இருக்கிறாராம். காபி கொடுத்திருக்கிறார். முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் என்று எல்லாம் பேசியிருக்கிறார்கள். கிளம்புகிற நேரத்தில்தான் யோரானுக்கு வாய் வந்திருக்கிறது. "அந்தக் கோல் உன் தப்பு அல்ல. நான் என் இடத்தை விட்டுப் போனேன். பதில் வாங்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார். சந்தனம், ஸ்டோர் என்று சாக்கு எதுவும் சேர்க்காமல், நான் நான்காவது தடவை எழுதினேனே, அந்த மாதிரி.

"அவரு என்ன சொன்னாரு சார்? கோவிச்சிக்கிட்டாரா?"

"இல்லை. 'நாற்பது வருடமாக ஒருநாள் விடாமல், நான் ஏன் வெளியே வந்தேன், ஏன் வெளியே வந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்' என்றான்." யோரான் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அப்புறம் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தான். மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல், இவளும் கேட்கட்டும் என்றான்."